நானோ அடிச்ச பாத்தி

பாண்டி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது திண்டிவனம் வரைக்கும் பாவாடை வாயைத் திறக்கவில்லை. திண்டிவனத்தில் வண்டி மாறி, செஞ்சி பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகுதான், சன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருந்த பெண்டாட்டியைப் பார்த்துக் கேட்டான்.

“அந்த டாக்டர் பொண்ணு நானோன்னுதான சொல்லுச்சு?”

கலைவாணி கண்ணைத் திறக்காமல் தலையை ஆட்டினாள்.

“நல்லா கேட்டியா? வேற எதனா சொல்லி, என் காதுல அப்பிடி வுழுந்துச்சா?”

“நானோன்னுதாங்க சொன்னாங்க. ரெண்டு தபா சொன்னாங்க.”

“அதான பாத்தன்” என்றான் பாவாடை. பிறகு வல்லம் தாண்டி, கோட்டை மலையின் பாறைகள் சாயங்கால வெயிலில் கண்ணுக்குப் படுகிற வரைக்கும் தோள் துண்டை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தான்.

கலைவாணிக்கு இடது மார்பில் கட்டி. ஆடி மாதம் தெரிந்தது. முதலில் சிவப்பாக ஒரு மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் ஏற்றிவிட்டு வந்து வாந்தியில் சுருண்டு கிடப்பாள். முடி கொட்டியது, நகமெல்லாம் கறுத்தது. ஆனால் எலுமிச்சம்பழமாக இருந்த கட்டி சுண்டைக்காயாகச் சுருங்கிவிட்டது. இனி இரண்டாவதாக வேறொரு மருந்து, அது முடிந்ததும் ஆபரேஷன் என்று சொல்லி, அன்றைக்குக் காலையில்தான் அந்த இரண்டாவது மருந்தை ஆரம்பித்தார்கள். சொட்டு விழ ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்கூட இல்லை. அவளுக்கு முகம் குப்பென்று காந்தியது. தொண்டைக்குள் யாரோ ஈரத்துணியைத் திணித்த மாதிரி அடைத்தது. ‘ஏங்க’ என்று கூப்பிட வாயெடுத்தாள். அதற்கு மேல் அவளுக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது மூக்கில் குழாய் இருந்தது. பாவாடை சுவரோரம் நின்றிருந்தான். கையில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடி திறந்திருப்பதே தெரியாமல் பிடித்திருந்ததில், இடுப்பிலிருந்து அவன் வேட்டி நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

டாக்டர் பாரதி சின்னப் பெண். கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து நிதானமாகத்தான் சொன்னாள். “பயப்படாதீங்கம்மா. மருந்து உங்களுக்குச் சேராம இல்ல. அந்த மருந்து தண்ணியில கரையாது. அதனால விளக்கெண்ணெயில இருந்து செய்யற ஒரு திரவத்துல கரைச்சு ஏத்துறோம். அந்தத் திரவம்தான் ஒத்துக்கல. அதே மருந்து இப்ப நானோவா வருது. எண்ணெயே கிடையாது. ரத்தத்துல இருக்கிற புரதத்தோட மருந்தை ஒட்டவச்சு, சின்னச் சின்னத் துகளா ஆக்கியிருப்பாங்க. கண்ணுக்கே தெரியாது. கட்டிக்குள்ள சுலபமா நுழைஞ்சிடும். உங்க காப்பீட்டு கார்டுலயே வந்துடும், அந்தக் கவலை வேண்டாம். ஆனா தள்ளிப் போடாதீங்க. நடுவுல விட்டா கட்டி மறுபடி வளர ஆரம்பிச்சிடும்.”

வரவேண்டிய தேதியைச் சொன்னாள். கணக்குப் பார்த்தால் அமாவாசை கழிந்து வருகிற வியாழக்கிழமை.

“ஊருக்குப் போய் கலந்துக்கினு சொல்றம்மா” என்று சொல்லிவிட்டுத்தான் பாவாடை அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தான்.

பாவாடைக்கு நானோ என்றால் என்னவென்று தெரியும். டாக்டர் சொல்வதற்கு முன்னாலேயே அது அவனுடைய கழனிக்கு வந்து போயிருந்தது. போன வருஷம் சம்பாவுக்கு மேலுரம் போடுகிற நேரத்தில் சொசைட்டியில் யூரியா மூட்டை தீர்ந்துவிட்டது; பாட்டில்தான் இருந்தது. நானோ யூரியா. தண்ணீரில் கலந்து இலை மேல் அடிக்க வேண்டும். பார்வையிட வந்த விவசாய ஆபீசர் வரப்பில் நின்று விளக்கினார்: “ரொம்பச் சின்னத் துகள்ப்பா. கண்ணுக்கே தெரியாது. இலையில இருக்கிற துளை வழியா நேரா உள்ள நுழைஞ்சிடும்.” பாவாடை நம்பி அடித்தான். அடித்த அன்றைக்குச் சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. பயிர் மஞ்சளாகவே நின்றது. அப்புறம் எங்கெங்கோ அலைந்து மூட்டை வாங்கிப் போட்டும் கதிர் சிறுத்துப்போய்விட்டது. களத்தில் தூற்றும்போது நெல்லைவிடப் பதர்தான் அதிகம் பறந்தது. மழையைப் பற்றி அவன் யாரிடமும் சொல்லவில்லை. பாட்டிலைத்தான் ஊர் முழுக்கத் திட்டினான்.

இப்போது டாக்டர் அதையே சொன்னாள். பேச்சு மாறவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறது என்று அவனுக்குப் பட்டது.

வீட்டில் அவன் அக்கா லட்சுமியம்மாள் நொய்க்கஞ்சி காய்ச்சி வைத்திருந்தாள். தம்பி பெண்டாட்டிக்கு முடியவில்லை என்று அவலூர்பேட்டையிலிருந்து வந்து தங்கியிருக்கிறாள். வாய் முழுக்கப் புண்ணாகிக் கிடந்த கலைவாணிக்குக் காரமில்லாத குழம்பு வைத்தும் கஞ்சி ஆற்றியும் கொடுப்பது அவள்தான். செஞ்சி ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற பாவாடையின் மகள் ஷோபனா அப்போதுதான் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்தாள்.

“வெளக்கெண்ணயா?” என்று லட்சுமியம்மாள் மோவாயில் கைவைத்தாள். “பச்சப் புள்ளைக்கு ஊத்தறதாச்சே. அதுவா சேரல?”

“இது ரத்தத்துல போவுது அண்ணி” என்றாள் கலைவாணி.

“அப்ப எண்ண இல்லாத மருந்த ஏத்திக்கினு வரவேண்டியதுதான? அதுக்கு எதுக்கு இவன் மூஞ்சிய தூக்கி வச்சிருக்கான்?”

“அது நானோக்கா” என்றான் பாவாடை.

“இருந்துட்டுப் போவுது.”

“நெல்லுக்கே கேக்காதது ஆளுக்கு எப்பிடிக் கேக்கும்?”

“ஏண்டா, உன் பொண்டாட்டி இன்னா நாத்தா? முடிச்சு முடிச்சா கட்டி நட்டு வைக்கப் போறியா?”

“நீ சும்மா இருக்கா, உனக்கு ஒன்னியும் தெரியாது. அந்த ஆபீசரு சொன்னத இந்தப் பொண்ணு எழுத்து மாறாம சொல்லுது. கண்ணுக்குத் தெரியாதாம், நொழஞ்சிடுமாம். நொழஞ்ச லட்சணத்ததான் பாத்தமே.”

ஷோபனா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து குறுக்கே நின்றாள். “நைனா, நானோன்னா பொடிசுன்னு அர்த்தம். அவ்ளோதான். மினி பஸ்ஸு மேடு ஏறாம நின்னுடுச்சுன்னு, மினி ஃபேனும் சுத்தாதுன்னு சொல்லுவியா? அது உரம், இது மருந்து.”

“எல்லாம் மருந்துதான்” என்றான் பாவாடை. “பூச்சிக்கு அடிச்சாலும் மருந்து. மனுசனுக்குப் போட்டாலும் மருந்து. கடன் தாங்காம குடிச்சிட்டு சாவறானுங்களே, அதுக்கும் பேரு மருந்துதான்.”

லட்சுமியம்மாள், “பேசறான் பாரு பேச்சு, வெளக்கெண்ண” என்று சொல்லிவிட்டுக் கஞ்சியை ஆற்ற ஆரம்பித்தாள்.

கலைவாணி கஞ்சியை வாங்கிக்கொண்டாள். புருஷனைப் பார்த்தாள். அவன் கஞ்சன் இல்லை. அவளைக் கைவிடுகிறவனும் இல்லை. ஆடியிலிருந்து ஒரு தடவைகூட முகம் சுளிக்காமல் அவள் வாந்தியை அள்ளிக் கொட்டியவன். அதனால்தான் அவளுக்குப் பயமாக இருந்தது. கெட்டவன் ஒருத்தன் வேண்டாம் என்று சொன்னால் சண்டை போடலாம். இவனோடு எப்படிப் போடுவது?

பக்கத்துக் கழனிக்காரன் விநாயகம். பாவாடையை மாமா என்றும் அவளை அத்தை என்றும் கூப்பிடுகிறவன். மருந்தடிக்கிற டேங்க் அவனிடம்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்து வீட்டு வாசலில் நின்று சிரித்தான்.

“இன்னா அத்த, மாமாவுக்கு இன்னா ஆச்சு? காலங்காத்தால வந்து டேங்க் குடுன்னாரு. சரி, காணி முச்சூடும் அடிக்கப் போறாருன்னு பாத்தா, ஒரு கட்டில் போடற அளவு எடத்துக்கு அடிச்சிட்டு டேங்க கழுவி வச்சிட்டாரு. சுத்தி குச்சி வேற நட்டு வச்சிருக்காரு. புதையலு கிதையலு எடுத்துட்டாரா?”

கலைவாணி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கழனிக்குப் போனாள். ஏரிக்குக் கீழே, இரண்டு மடை தள்ளி அவர்கள் நிலம். கார்த்திகை மழை விட்டு வானம் வெளுத்திருந்தது. தூர் கட்டுகிற பருவத்துப் பயிர், மேலுரத்துக்குக் காத்துக்கொண்டு வெளிறி நின்றது. வடக்கு மூலையில் சின்னதாக ஒரு பாத்தியை மண் அணைத்துப் பிரித்திருந்தான். குச்சிகளில் அவளுடைய பழைய சீலைக் கிழிசல்கள் கட்டியிருந்தன. பாவாடை வரப்பில் குந்திக்கொண்டு பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னாங்க இது?”

“பாத்தி.”

“அது தெரியுது. எதுக்கு?”

“போன வருசம் மழ கழுவிக்கினு போயிருக்கும்னு அந்த ஆபீசரு சொன்னாரு. நான்தான் காதுல வாங்கல. இப்ப மழ இல்ல. பாட்டில்ல எழுதியிருக்கற அளவுதான் கலந்தன். இந்தப் பாத்திக்கு நானோ மட்டும்தான். வேற ஒரு பொட்டு உரம் கெடையாது. பச்ச கட்டுதா பாப்பம்.”

“கட்டுச்சுன்னா?”

“வியாழக்கெழம பாண்டிக்குப் போலாம்.”

“கட்டலன்னா?”

பாவாடை வரப்பில் ஊர்ந்த நத்தை ஒன்றைக் கால் பெருவிரலால் வாய்க்காலில் தள்ளினான்.

“என் உசுர நெல்லுல கட்டி வுட்டுட்டீங்களா?” என்றாள் கலைவாணி.

“வேற எதுல கட்டச் சொல்ற? டாக்டரு சொல்றது நெசமா பொய்யான்னு எனக்கு இன்னா தெரியும்? நெல்லு சொன்னா தெரியும். அது எங்கிட்ட பொய் சொன்னதில்ல.”

“சின்னது பெரிசுன்னு ஏதோ ஒன்னு பேரு வச்சிருக்கான். அதுக்காக…”

“அன்னிக்கு நீ கண்ண மூடிக்கிட்ட.” அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. “கருவிழி மேல போய், ஒதடு நாவப்பழம் மாதிரி ஆயிடுச்சு. அந்த நர்சு பொண்ணுங்க கத்திக்கினு ஓடுதுங்க. பாத்தவன் நானு. மறுபடியும் அங்க கூட்டிக்கினு போய், நானே கட்டில்ல படுக்க வச்சி, நானே ஏத்துங்கன்னு சொல்லணுமா? எத நம்பி சொல்லுவன்? சொல்லு.”

நனைந்த அந்த வேட்டி நினைவுக்கு வந்தது. யூரியா வெறும் சாக்குப்போக்கு, உள்ளே இருப்பது பயம் என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. புரிந்தும் என்ன செய்வது? அந்தப் பயத்தைத் தாண்டிப் போக அவனுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அதை நெல்தான் கொடுக்க வேண்டும்.

அன்றிலிருந்து வீட்டில் நான்கு பேருக்கும் பாத்திதான் பேச்சு. பாவாடை விடியலில் போய்ப் பார்த்துவிட்டு வருவான். அவன் செருப்பை உதறுகிற சத்தத்தை வைத்தே இன்றைக்கும் இல்லை என்று கலைவாணி தெரிந்துகொள்வாள். பொழுது ஏறியதும் அவள் ஒரு நடை போவாள். கோட்டை மலையைப் போர்த்தியிருக்கிற பனி இறங்கி வந்து பயிர் மேல் நிற்கும்போது பார்த்தால் பாத்தி கொஞ்சம் கறுத்த மாதிரி இருக்கும். பனி விலகி வெயில் பட்டதும் பார்த்தால் பக்கத்துப் பயிருக்கும் இதற்கும் வித்தியாசமே இருக்காது. இல்லை, இருக்கிறதோ? ஓர் இலையைப் பிடித்து வெளியிலிருந்து பிடுங்கிய இன்னோர் இலையோடு சேர்த்துப் பார்ப்பாள். கண் பூத்துப்போகும்.

குளிக்கும்போது கட்டியைத் தடவிப் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை. சுண்டைக்காய்தான். இல்லை, புளியங்கொட்டையா? நேற்று இந்தப் பக்கம் மேடு இல்லையே. விரலை எடுத்துவிட்டு, ஈரத்தோடு நின்று, மறுபடியும் வைத்துப் பார்ப்பாள்.

“மா, ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்ணாங்க” என்றாள் ஷோபனா ஒரு நாள். “வராம இருந்துடாதீங்க, மருந்து எடுத்து வச்சாச்சுன்னு சொன்னாங்க. நைனா வரலன்னா இருக்கட்டும். நான் கடைக்கு லீவு போட்டுக் கூட்டிக்கினு போறன்.”

“உங்க நைனா வராம நான் அந்தக் கட்டில்ல படுக்க மாட்டன்.”

“ஏம்மா? கையெழுத்து நான் போட மாட்டனா?”

“கையெழுத்துக்கு இல்லடி.” மூச்சு நின்றபோது வாயில் வந்த ஒரே சொல் ‘ஏங்க’. மறுபடியும் அப்படி வந்தால், கூப்பிடுகிற தூரத்தில் அவன் இருக்க வேண்டாமா?

“அப்ப அந்த நெல்லப் பாத்துக்கினே செத்துப் போ” என்று சொல்லிவிட்டு ஷோபனா அழுதாள். லட்சுமியம்மாள் அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, “வாய அலம்புடி மொதல்ல” என்றாள்.

அவலூர்பேட்டைச் சந்தை நாளில், மல்லாட்டைக் கடலை விதை பார்க்கப் பாவாடை போய்விட்டான். ஷோபனா கடைக்குப் போயிருந்தாள். லட்சுமியம்மாள் உண்டுவிட்டு முந்தானையை விரித்துக் கண்ணயர்ந்திருந்தாள். கலைவாணி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, செருப்புப் போடாமல் வெளியே வந்தாள்.

மோட்டார் கொட்டகையில் பாதி மூட்டை யூரியா இருந்தது, மேலுரத்துக்கு வாங்கி வைத்தது. மழை ஈரத்தில் கட்டி தட்டிப்போய்க் கிடந்தது. கையால் உடைத்து உடைத்து மடியில் அள்ளிக் கட்டிக்கொண்டாள். நடவு அவள் செய்வாள், களை பறிப்பாள், அறுப்பாள், தூற்றுவாள். உரம் வீசுவது மட்டும் ஆம்பளை வேலை. தூரத்திலிருந்து பாவாடை வீசுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அது மாவு சலிப்பது மாதிரிச் சுலபமாகத்தான் தெரிந்தது.

வரப்பிலேயே கால் பின்னியது. இந்த உடம்போடு சேற்றில் இறங்கக் கூடாது, காலில் கீறல் பட்டாலும் காய்ச்சல் வந்துவிடும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். பாத்தியில் இறங்கினாள். சேறு முழங்கால் வரை இழுத்தது. ஒரு பிடி அள்ளி எறிந்தாள். பரவாமல் ஒரே இடத்தில் பொத்தென்று விழுந்தது. இன்னொரு பிடி. அதுவும் அப்படியே. மூச்சு இரைத்தது. பக்கத்துக் கழனியில் களை பறிக்கிற பெண்கள் யாராவது நிமிர்ந்து பார்க்கிறார்களா என்று பயந்து பயந்து, அள்ளி அள்ளிப் போட்டாள். நெல் பொய் சொல்லாது என்றான். சொல்லட்டும். ஒரே ஒரு தடவை எனக்காகச் சொல்லட்டும்.

ஏறும்போது சறுக்கி, வரப்பில் உட்கார்ந்த வாக்கில் விழுந்தாள். கொஞ்ச நேரம் எழுந்திருக்க முடியவில்லை. மலைப் பாறைகள் வெயிலில் சுற்றின. பிறகு எழுந்து, மடையில் கால் கழுவி, சீலையை அலசிப் பிழிந்துகொண்டு வீடு வந்து சேர்ந்தாள். “இன்னாடி ஈரம்?” என்று லட்சுமியம்மாள் பாதித் தூக்கத்தில் கேட்டாள். “வாந்தி வந்துச்சு அண்ணி, கழுவிட்டு வரன்” என்றாள்.

அதற்குப் பிறகு காத்திருப்பது முன்னைவிட மோசமாக இருந்தது. முன்பு பயம் மட்டும்தான். இப்போது திருட்டும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு நாளும் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் பழையபடி விடியலில் போனான், வந்தான், கூழைக் குடித்தான். ஒரு நாள் மட்டும் அவள் பாதத்தைப் பார்த்து, “காலுல எதனா பட்டுதா?” என்று கேட்டான். “இல்லியே” என்றாள். “ஜொரம் கிரம் அடிக்குதா?” “இல்லிங்க.” அவள் எழுந்திருப்பதற்குள் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

புதன்கிழமை காலையில் தூக்குச் சட்டியில் கூழ் எடுத்துக்கொண்டு கழனிக்குப் போனாள். வரப்பு திரும்பும்போதே பார்த்துவிட்டாள். பாத்தி பச்சை கட்டியிருந்தது. ஆனால் அங்கங்கே மட்டும். இங்கே ஒரு குத்து கருகருவென்று, அதற்கு அந்தப் பக்கம் வெளிறிய பயிர், மறுபடி ஒரு கொத்து கறுப்பு. ஓரிடத்தில் உரம் அதிகமாகி நுனி கருகியே போயிருந்தது. குருடன் போட்ட கோலம்.

விநாயகம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பாத்தியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பாவாடை பக்கத்தில் நின்றான்.

“இன்னா மாமா, மாடு கீடு பூந்துடுச்சா? மூத்தரம் வுட்ட எடம் மாதிரி திட்டுத் திட்டா நிக்குது?”

“ஆமாம்ப்பா” என்றான் பாவாடை. “மாடுதான்.”

“எவன் மாடு மாமா? சொல்லு, கேட்டுருவம்.”

“நம்ப ஊட்டு மாடுதான்.”

“உங்க ஊட்ல ஏது மாடு? போன வருசமே வித்துட்டியே.”

“பழைய பழக்கத்துல வந்துட்டுப் போயிருக்கும். வுடுப்பா, நீ போய் மடையத் தொற.”

விநாயகம் புரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு போனான். பாவாடை பாத்தியில் இறங்கி, குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். சீலைக் கிழிசல்களை அவிழ்த்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டான். பிரித்து அணைத்த மண்ணைக் காலால் மிதித்துச் சமன் செய்தான். பிறகு ஏறி வந்து அவள் கையிலிருந்த தூக்கை வாங்கி, நின்றபடியே குடித்தான்.

“நாளைக்கு மொத பஸ்ஸு” என்றான். “துணி எடுத்து வச்சிக்க. அக்காவ கஞ்சி கட்டச் சொல்லு.”

“பச்ச கட்டுச்சாங்க?” என்று கேட்டாள். கேட்டிருக்கவே வேண்டாம். நாக்கு கேட்டுவிட்டது.

அவன் வாயைத் துடைத்துக்கொண்டு, “போலாம்னு சொன்னனே” என்றான்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் அதே வரிசை, அதே மாதிரிக் கட்டில். டாக்டர் பாரதி வந்து நாடி பார்த்தாள். நர்ஸ் பாட்டிலை மாட்டினாள். கலைவாணி நிமிர்ந்து பார்த்தாள். மருந்து இந்தத் தடவை தண்ணீர் மாதிரி இல்லை. தண்ணீர் கலந்த பால் மாதிரி வெளுத்திருந்தது. கால் விரல்கள் தாமாகவே மடங்கிக்கொண்டன.

“ஐயா, பக்கத்துலயே இருங்க” என்றாள் நர்ஸ். “அவங்ககிட்ட எதனா பேசிக்கினே இருங்க. தொண்ட அடைச்சா, முதுகு வலிச்சா, மூஞ்சி காந்துனா ஒடனே கூப்புடுங்க. மொத கொஞ்ச நேரம்தான். அத தாண்டிட்டா பரவால்ல.”

சொட்டு விழ ஆரம்பித்தது. பாவாடை கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவன் பேச்சுக்காரன் இல்லை. கண் பாட்டிலுக்கும் அவள் உதட்டுக்கும் போய்ப் போய் வந்தது.

“தொண்ட?”

“ஒன்னுமில்ல.”

“மூஞ்சி?”

“இல்லிங்க.”

சொட்டு விழுகிற குழாயைக் கலைவாணி பார்க்காமல் இருக்க முயன்றாள். முடியவில்லை. மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள். அடைக்கிறதா? அடைக்கப் போகிறதா?

“யூரியாவ அப்பிடிப் போடக் கூடாது” என்றான் பாவாடை.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“கை கொள்ளாம அள்ளிக்கினு, பொத்து பொத்துன்னு போட்டா திட்டுத் திட்டாதான் வரும். கொஞ்சமா எடுக்கணும். வெரல அகட்டி வச்சிக்கினு மணிக்கட்ட ஒதறணும். நின்ன எடத்துல இருந்து எறியக் கூடாது, நடந்துக்கினே வீசணும். காலு போற பக்கம் கை போவும். இப்பிடி.” கட்டில் பக்கத்தில் இருந்த சின்ன இடத்தில் இரண்டு அடி நடந்து வீசிக் காட்டினான். அடுத்த கட்டில்காரி கண்ணை அகல விரித்துப் பார்த்தாள்.

கலைவாணிக்குக் காது சூடாகியது. மருந்தினால் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. “எப்ப தெரியும் உங்களுக்கு?”

“மறுநாளே தெரியும். வரப்பெல்லாம் உன் காலுதான். நீ வுழுந்த எடம்கூட அப்பிடியே இருந்துச்சு.” போர்வையை இழுத்து அவள் காலை மூடினான். “அங்கதான் ரொம்ப நேரம் நின்னுக்கினு இருந்தன்.”

“அப்ப பாத்தி?”

“பாத்தி கெட்டுப் பூடுச்சு. அது நானோவா, நம்ப மூட்ட யூரியாவான்னு இனிமே எவனாலயும் சொல்ல முடியாது.”

“அப்பறம் எத நம்பிக் கூட்டிக்கினு வந்தீங்க?”

பாவாடை பாட்டிலைப் பார்த்தான். பதில் அதில் எழுதியிருக்கிற மாதிரி வெகுநேரம் பார்த்தான்.

“வாசலுக்கு வரவே செவுத்தப் புடிச்சிக்கினு வரவ, பொழைக்கணும்னு சேத்துல எறங்கியிருக்கியே” என்றான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “தொண்ட?” என்றான்.

“ஒன்னுமில்ல.”

“மூச்சு வுடு பாப்பம்.”

விட்டுக் காட்டினாள். பாட்டில் இன்னும் முக்கால்வாசி இருந்தது.

“நவரைக்கு நீயே வீசு” என்றான். “அறுப்பு முடிச்சதும் நடுவம் இல்லியா, அந்தப் பட்டத்துக்கு. நான் காட்டித் தரன்.”

“நவரைக்கா?”

“பின்ன?”

கலைவாணி ஊசி குத்தாத கையைப் போர்வைக்கு வெளியே எடுத்தாள். விரல்களை அகட்டி, மணிக்கட்டை ஒருதரம் உதறினாள்.

“இப்பிடியா?”

“வெரல இன்னும் கொஞ்சம் அகட்டு” என்றான் பாவாடை, பாட்டிலை விட்டுக் கண்ணை எடுக்காமல்.